பின்னால் வரும் காரில் ஆள் இல்லை

மலேசியாவில், எங்கள் கிள்ளானில் யார் கேட்டாலும், "தூத்துக்குடிக்கு மக்ரூன் சாப்பிடப் போகிறேன்" என்றே சொல்லிவைத்தேன். என் மனைவி மட்டும் நம்பவில்லை. சர்க்கரை வியாதிக்காரன் கடல் தாண்டிப் போய் முந்திரியையும் சர்க்கரையையும் தின்றுவிட்டு வருவதற்கு எந்த மனைவி விடுவாள்? என்னை வரச் சொன்னவள் ரோஸ்லின், என் பழைய கப்பல் தோழர் மிக்கேலின் மனைவி. போனில் அவள் அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"அண்ணாச்சி, அவியளுக்குக் கண்ணு போய்க்கிட்டே இருக்கு. இனிமே வண்டியே ஓட்டக் கூடாதுன்னுட்டாரு டாக்டரு. நான் சொல்லுதேன், ஃபாதர் சொல்லுதாரு, யாரு சொல்லியும் கேக்க மாட்டேங்காவ. நீங்க வந்து ஒரு வார்த்த சொல்லுங்க. கப்பல்ல நீங்க சொல்லித்தான அவிய சுக்கானத் திருப்புனாவ?"

உண்மைதான். சரக்குக் கப்பலில் நான் இரண்டாம் அதிகாரி, மிக்கேல் சுக்கானி. எத்தனை டிகிரி திருப்ப வேண்டும் என்று நான் சொல்வேன். அவர் அதை உரக்கத் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் சக்கரத்தைத் தொடுவார். அவருடைய முறை முடிந்து இன்னொருவர் வந்தாலும் சும்மா கைமாற்றிவிட்டுப் போக முடியாது. திசை என்ன, கப்பல் எந்தப் பக்கம் இழுக்கிறது என்று சொல்ல வேண்டும். வந்தவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். பிறகுதான் பிடி விடலாம். மிக்கேல் என்னைவிட மூத்தவர். ஆனாலும் இன்றுவரை எனக்கு அவர் "மிக்கேல்", அவருக்கு நான் "சார்".

தூத்துக்குடி திரேஸ்புரத்தில் அவர் வீட்டு வாசலில் இறங்கியபோது மீன் ஏலம் முடிந்து தெரு ஈரமாகக் கிடந்தது. அவர் கையை நீட்டிக்கொண்டு நேரே வந்தார். வழியில் நிறுத்தியிருந்த சைக்கிளில் இடித்துக்கொண்டார். சைக்கிளைத் திட்டிவிட்டு என்னைக் கட்டிப்பிடித்தார்.

"வாங்க சார். என்ன இப்படி வயசாயிட்டிய?"

மதியச் சாப்பாட்டுக்குச் சீலா மீன் குழம்பும் கணவாய் வறுவலும். எங்கள் ஊரில் கணவாயை ரப்பர் ஆகும்வரை வதக்குவார்கள், அதற்கு மேல் சோயா வேறு ஊற்றுவார்கள். இங்கே பல்லுக்கு வேலையே இல்லை. நான் தட்டை வழித்துக்கொண்டிருந்தபோதுதான் கவனித்தேன். மிக்கேலின் இடப்பக்கம் இருந்த அப்பளத்தை அவர் தொடவே இல்லை. அது அங்கே இருப்பது அவருக்குத் தெரியவில்லை. ரோஸ்லின் பேசிக்கொண்டே அதை அவருக்கு நேரே நகர்த்தினாள். அப்புறம் தண்ணீர்ச் செம்பு, அப்புறம் மோர். அவர் நேர்ப்பார்வைக்குள் எதையாவது கொண்டுவந்து வைப்பதே அவளுக்கு வேலையாக இருந்தது. அவரும் கவனிக்காததுபோல எடுத்துச் சாப்பிட்டார். கண்ணுக்குள் அழுத்தம் ஏறிப் பார்வை ஓரங்களிலிருந்து கருகிக்கொண்டே வருகிற நோய் அது. போன பார்வை திரும்பாது. நடுவில் இருப்பதுதான் மிச்சம்.

சாப்பிட்டதும் வண்டியைக் காட்டக் கூட்டிக்கொண்டு போனார். பழைய மினி பஸ் ஒன்றை வாங்கி, சீட்டெல்லாம் கழற்றி, உள்ளே ஒரு கட்டில், ஒரு மேசை, கேஸ் அடுப்பு, தண்ணீர்த் தொட்டி என்று ஒரு குடித்தனத்தையே ஏற்றியிருந்தார். அடுப்பு இருந்த மூலையை ரோஸ்லின் "குசினி" என்றாள். ஓய்வு பெற்றதிலிருந்து இருவரும் இதில்தான் கரையோரக் கோயில் திருவிழாக்களுக்குப் போய்வருகிறார்கள். ஊரும் இதை வீட்டு வண்டி என்றே சொல்கிறது.

வீட்டு வண்டி கடற்கரை ஊர்ச் சந்துகளில் நுழையாது. அதனால் மிக்கேல் ஒரு சின்னச் சிவப்புக் காரையும் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு போவார். பெரிய வண்டியைப் பனைமரத்தடியில் நிறுத்திவிட்டுக் காரில் ஊருக்குள் போய் மீன் வாங்கி வரலாம். அமெரிக்கத் துறைமுகங்களில் கிழவன் கிழவிகள் இப்படிப் போவதை நாங்கள் இருவரும் சேர்ந்துதான் பார்த்தோம். நான் சிரித்துவிட்டு மறந்துபோனேன். அவர் மறக்கவில்லை. முத்தையாபுரத்தில் ஒரு லேத்துப் பட்டறையில் சொல்லி முக்கோணமாக ஓர் இழுவைக் கம்பி அடித்து வாங்கியிருந்தார். கார் தன் நான்கு சக்கரத்தாலும் தரையில் உருண்டுகொண்டே பின்னால் வரும். அதற்குத் தனியாக வண்டியோ பலகையோ வேண்டாம்.

"மூணே விஷயம் சார்" என்று கார்க் கதவைத் திறந்து காட்டினார். "கியரு நியூட்ரல்ல இருக்கணும். ஹேண்ட் பிரேக்க இறக்கி விட்டுறணும். சாவிய உள்ள போட்டு ஒரு திருப்புத் திருப்பி வச்சிறணும். சாவிய உருவினா ஸ்டீயரிங் பூட்டிக்கிடும், வளைவுல கார் திரும்பாது. ஒவ்வொரு தடவ கிளம்பும்போதும் சுத்தி வந்து இந்த மூணையும் பாக்கணும்."

"யார் பார்ப்பது?" என்று கேட்டேன். ரோஸ்லின் சொல்லச் சொன்ன அந்த ஒரு வார்த்தையை அங்கேயே சொல்லியிருக்கலாம்.

"நாந்தான். பெறவு யாரு?" என்றார்.

மறுநாள் தெற்கே கிளம்பினோம். துறைமுகச் சாலையில் நிலக்கரி லாரியும் உப்பு லாரியும் மாறி மாறி வந்தன. ஒரு பக்கம் கறுப்புத் தூசி, மறுபக்கம் வெள்ளைத் தூசி. எங்கள் கிள்ளான் துறைமுகத்திலும் தூசி உண்டு, ஆனால் அங்கே தினமும் மழை பெய்து கழுவிவிடும். இங்கே வானம் ஒரு சொட்டும் தருவதாக இல்லை. உப்பளத்துக்காரர்களுக்கு அதுதான் வேண்டும். முத்தையாபுரம் தாண்டும்போது வலப்பக்கம் ஏறி வந்த பஸ்ஸை மிக்கேல் பார்க்கவே இல்லை. நான் கத்தினேன். அவர் ஒடித்தார். பஸ் படியில் தொங்கிய கண்டக்டர் எங்கள் முகத்துக்கு நேரே குனிந்து கேட்டார்.

"கண்ணு என்ன பொடதியிலயா இருக்கு?"

மிக்கேல் சிரித்தார். நானும் சிரிக்கப் பார்த்தேன். பின்கட்டிலில் உட்கார்ந்திருந்த ரோஸ்லின் சிரிக்கவில்லை. கழுத்து ஜெபமாலையைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள். சொல்லுங்கள் என்கிற பார்வை. சாயங்காலம் சொல்லிவிடுகிறேன் என்று மனதுக்குள் அவளுக்குப் பதில் சொன்னேன்.

அந்தப் பயணத்தில் எங்களுக்குக் கிடைத்த ஒரே வேடிக்கை பின்னால் வந்த காரால்தான். ஊர் ஊருக்கு ஜனங்கள் ஓடி வந்தார்கள். டீக்கடைப் பெஞ்சிலிருந்து ஆட்கள் எழுந்து நின்று கையை வீசினார்கள். மீன்கூடையோடு போன பெண்கள் கூடையைப் பிடித்துக்கொண்டு கூவினார்கள்.

"ஏலே, நிறுத்துலே! பின்னால வார கார்ல ஆளு இல்லலே!"

ஒருவர் மோட்டார் சைக்கிளில் துரத்தியே வந்துவிட்டார். "அண்ணாச்சி, உங்க காரு தானா வருது!" என்று அவர் மூச்சு வாங்கியபோது மிக்கேலுக்குக் கண்ணில் தண்ணீர் வரும் அளவுக்குச் சிரிப்பு. "தெரியும்யா, அது நம்ம பிள்ளதான்" என்று அனுப்பிவைத்தார். முதல் நாள் நான் ஒவ்வொருவருக்கும் தலையை வெளியே நீட்டி விளக்கம் சொன்னேன். அடுத்த நாள் கையை மட்டும் ஆட்டினேன். அதற்குப் பிறகு யார் என்ன கத்தினாலும் சிரித்துக் கையாட்டுவது எங்கள் இருவருக்கும் பழகிப்போய்விட்டது.

மணப்பாட்டில் மணல்மேட்டுக்குப் பக்கத்தில் நிறுத்தினோம். கடலோரக் கடையில் என் மனைவிக்கு முத்து விலை கேட்டேன். முத்துக்குளித்த கடற்கரைக்கு வந்துவிட்டு முத்தில்லாமல் போனால் வீட்டில் என்ன மரியாதை? ரோஸ்லின் என்னை இழுத்துக்கொண்டு வந்தாள். "அது சைனா முத்து அண்ணாச்சி. இங்கன குளிப்பு நின்னு எம்புட்டோ காலம் ஆச்சு. உங்க ஊர்லயே இதவிடச் சல்லிசாக் கிடைக்கும்." கிடைக்கும்தான். நான் ஒன்றும் வாங்கவில்லை.

சூரியன் இறங்கும் நேரம் மிக்கேல் அண்ணாந்து உட்கார, ரோஸ்லின் கண்ணில் சொட்டு மருந்து விட்டாள். பிறகு வேண்டுமென்றே எங்களைத் தனியாக விட்டுவிட்டு நடந்துபோனாள்.

"எவ்வளவு தெரிகிறது மிக்கேல்?" என்று ஆரம்பித்தேன்.

"நேராப் பாத்தா எல்லாம் தெரியும் சார். ரோடு தெரியும், உங்க மூஞ்சி தெரியும், அந்தா போற வள்ளம் தெரியும். வண்டி நேராத்தான போகுது?" என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அவதான உங்களக் கூப்பிட்டா?" என்று கேட்டார்.

"மக்ரூன் தின்ன வந்தேன்" என்றேன்.

அவர் சத்தம்போட்டுச் சிரித்தார், என் முதுகில் தட்டினார். ஆயுள் முழுக்கச் சக்கரம் பிடித்த ஒரு மனிதரிடம் கையை எடு என்று எந்த வாயால் சொல்வது? இருட்டும்வரை கடலையே பார்த்துக்கொண்டிருந்தோம். ரோஸ்லின் திரும்பி வந்து என் முகத்தைப் பார்த்தாள், பிறகு போய் உலை வைத்தாள்.

திரும்பி வந்து ஒரு நாள் தங்கிவிட்டு வடக்கே வேம்பாருக்குப் போனோம். இரண்டு பக்கமும் உப்பளம். வெள்ளையாகக் குவித்துவைத்த உப்பின் மேல் வெயில் பட்டுக் கண் கூசியது. எனக்கே கூசியது என்றால் அவருக்கு எப்படி இருந்திருக்கும்? சாலையோரம் ஒரு டீக்கடை முன்னால் வண்டியை நிறுத்தி, ஊருக்குள் ரோஸ்லினின் சொந்தக்காரர் வீட்டுக்கு நடந்தே போனோம். நண்டு ரசம் இருந்தது. உடம்பெல்லாம் வேர்க்க வேர்க்க மூன்று கிண்ணம் குடித்தேன்.

நாங்கள் அங்கே ரசம் குடித்துக்கொண்டிருந்த நேரத்தில் டீக்கடைக்காரர் செய்த காரியம் எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. கார்க் கண்ணாடி இறங்கியிருக்கிறது. உள்ளே சாவி தொங்குகிறது. ஆள் யாரும் இல்லை. நல்ல மனிதர் யாராக இருந்தாலும் செய்வதைத்தான் அவரும் செய்தார். சாவியை உருவிக் கல்லாவுக்குள் பத்திரமாக வைத்தார். வண்டி உருண்டுவிடக் கூடாதே என்று ஹேண்ட் பிரேக்கையும் இழுத்துவிட்டார். பிறகு சாப்பிட வீட்டுக்குப் போய்விட்டார்.

நாங்கள் கிளம்பும்போது மிக்கேல் வழக்கம்போல வண்டியைச் சுற்றி வந்தார். கார் ஜன்னலில் குனிந்து உள்ளே பார்ப்பதை நான் என் கண்ணால் பார்த்தேன். நிமிர்ந்து எனக்குக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். அந்த வெயிலிலிருந்து கார் இருட்டுக்குள் பார்த்தவருக்கு என்ன தெரிந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. வயிறு நிறைந்திருந்தது.

வண்டி இழுக்கத் திணறியது. "கச்சான் காத்து சார். எதுத்து அடிக்கு, அதான் முக்குது" என்றார். காற்று பலமாகத்தான் அடித்தது. ரோஸ்லின் வெயிலுக்காகப் பின்ஜன்னல் திரையை மூடிவிட்டுப் படுத்திருந்தாள். எனக்கும் கண் சொருகியது.

உப்பளத்துப் பெண்கள் இருவர் வரப்பிலிருந்து கையை வீசிக் கத்தினார்கள். நாங்கள் சிரித்துக் கையாட்டினோம். இன்னும் கொஞ்ச தூரத்தில் ஒரு பெரியவர் துண்டை எடுத்துச் சுழற்றினார். அவருக்கும் கையாட்டினோம். "பாவம், எம்புட்டுக் கரிசனம் பாத்தியளா?" என்றார் மிக்கேல்.

வளைவுக்கு முன்னால் எனக்கு ரப்பர் கருகும் வாடை வந்தது. ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிப் பின்னால் பார்த்தேன். காரே தெரியவில்லை, அத்தனை புகை.

"நிறுத்துங்க மிக்கேல்! நிறுத்துங்க!"

அவர் நிறுத்துவதற்குள் டயர் வெடித்தது. கம்பி பிடித்திருந்தும், திரும்ப மறுத்த கார் பக்கவாட்டில் சறுக்கிச் சாலையோரத்துக்குப் பாய்ந்தது. வேலை முடிந்து வேனுக்குக் காத்திருந்த உப்பளத்துப் பெண்கள் அங்கேதான் நின்றார்கள். அவர்கள் அலறிக்கொண்டு பள்ளத்தில் குதித்தார்கள். வரிசையாக வைத்திருந்த தூக்குவாளிகளின் மேல் கார் ஏறி நின்றது.

யாருக்கும் அடியில்லை. நசுங்கிப்போன ஒரு தூக்குவாளியை எடுத்துக்கொண்டு ஒரு பெண் நேராக மிக்கேலிடம் வந்தாள். காலெல்லாம் உப்புப் பூத்திருந்தது.

"கண்ணாடியில பாக்கலியா அண்ணாச்சி?"

"பாத்தேம்மா. பாத்துத்தான் நிப்பாட்டுனேன்."

"பாத்தியளா? அங்கன இருந்தே பொகையுது. எங்க ஆளுக கத்துதாவ, நீங்க சிரிச்சுக்கிட்டே போறிய! நாங்க செத்திருந்தா எங்க பிள்ளைகளுக்கு யாரு பதில் சொல்லுவா?"

அந்த நேரத்தில் ஒரு மொபெட் வந்து நின்றது. டீக்கடைக்காரர். சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்திருக்கிறார், வண்டியைக் காணோம், கல்லாவில் சாவி மட்டும் இருக்கிறது. அடித்துப் பிடித்து ஓடி வந்திருக்கிறார்.

"சாவிய வண்டியிலயே போட்டுட்டு யாராவது போவாவளா? நல்லவேள நான் எடுத்து வச்சேன்" என்று பெருமையோடு சாவியை மிக்கேலிடம் நீட்டினார்.

மிக்கேலின் வலப்பக்கம் நின்றுகொண்டு நீட்டினார். மிக்கேல் எதிரே இருந்த பெண்ணையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் கை எழவில்லை. சாவி அந்தரத்தில் தொங்கியது. "இந்தாங்க அண்ணாச்சி" என்றார் டீக்கடைக்காரர், இன்னும் கொஞ்சம் நீட்டி. மிக்கேல் சத்தம் வந்த பக்கம் தலையைத் திருப்பித் தேடினார்.

அந்தப் பெண்ணுக்கு விளங்கிவிட்டது. எல்லாருக்கும் விளங்கிவிட்டது. அவள் தூக்குவாளியைக் கீழே வைத்தாள். டீக்கடைக்காரரிடமிருந்து சாவியை வாங்கி மிக்கேலின் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டாள். அவளுக்கு அதற்கு மேல் கோபம் வரவில்லை. கோபப்பட்டிருந்தால் எங்களுக்கு நன்றாக இருந்திருக்கும்.

அன்று இரவு வேம்பாரிலேயே தங்கினோம். டீக்கடைக்காரர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு அலைந்து பின்சக்கரங்களுக்கு டயர் பிடித்துக் கொடுத்தார். இழுவைக் கம்பிக்கு ஒன்றும் ஆகவில்லை, முத்தையாபுரத்து வேலை கெட்டி. பெண்களுக்குப் புதுத் தூக்குவாளிகளை ரோஸ்லினே கொண்டுபோய்க் கொடுத்தாள். பொரித்த சாளை மீன் மிக்கேலுக்கு நேரேதான் இருந்தது. அவர் அதைத் தொடவில்லை.

காலையில் நான் வீட்டு வண்டியின் பக்கம் போனபோது அவர் டிரைவர் கதவருகில் நின்றுகொண்டிருந்தார். முகம் மழித்து, சட்டையை உள்ளே விட்டிருந்தார்.

"கோர்ஸ் டூ-ஜீரோ-ஜீரோ, சார்" என்றார். திசைகாட்டியில் இருநூறு டிகிரி, தெற்கே தூத்துக்குடிப் பக்கம். "இடது பக்கம் கொஞ்சம் இழுக்கும். வலது பக்கம் லேசாப் புடிச்சுக்கிடுங்க. ரெண்டாவது கியர் லேசுல விழாது, அடிச்சுப் போடணும்."

பெரிய வண்டியின் சாவியை நேரே என் முன்னால் நீட்டினார். நான் உரக்கத் திருப்பிச் சொல்ல வேண்டும். அதுதான் முறை. "கோர்ஸ் டூ-ஜீரோ-ஜீரோ" என்று ஆரம்பித்தேன், பாதியில் நின்றுவிட்டேன். அவர் காத்திருந்தார். நான் முழுவதையும் சொல்லி முடித்த பிறகுதான் சாவியை விட்டார்.

எங்கள் ஊரிலும் இடப்பக்கம்தான் ஓட்டுகிறோம், வெளிநாட்டில் ஓட்டுகிற உரிமமும் பையில் இருந்தது. அதில் சிரமம் இல்லை. சிரமம் வேறொன்று. மிக்கேல் என் பக்கத்துச் சீட்டில் ஏற மறுத்தார். பின்னால் போய்ச் சிவப்புக் காரின் கதவைத் திறந்து ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்துவிட்டார்.

ரோஸ்லின் ஓடிப்போனாள். "இதென்ன கூத்து? இறங்குங்க. அதுல ஒமக்கு என்ன வேல?"

"ஆளு இல்லாமதானே எல்லாரும் கத்துதாவ? கத்திக் கத்தித்தான நமக்குக் காது மரத்துப்போச்சு" என்றார். "ஆளு இருந்துட்டா கத்த மாட்டாவ. நீ போய் ஏறு."

அவள் என்னைப் பார்த்தாள். அவருக்கு நான் சொல்ல வேண்டிய வார்த்தை ஏதாவது மிச்சம் இருந்தால் அது இப்போதுதான். நான் காரைச் சுற்றி வந்தேன். நியூட்ரல், பிரேக், சாவி. மூன்றையும் தொட்டுப் பார்த்தேன். அவர் நேரே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மெதுவாகவே ஓட்டினேன். டீக்கடைகள் வந்தன, மீன்கூடைக்காரிகள் வந்தார்கள், உப்பளம் வந்தது. ஒருவரும் ஓடிவரவில்லை. எதிரே வந்த உப்பு லாரிக்காரர் பின்வண்டிக்கு ஒரு ஹாரன் அடித்துக் கையைத் தூக்கிவிட்டுப் போனார். மிக்கேல் அதைப் பார்க்கவில்லை. வளைவுகளில் ஸ்டீயரிங் தானாகச் சுற்றியது. அவருடைய இரண்டு கைகளும் அதன் மேல் இருந்தன, அது போன பக்கமெல்லாம் போயின.

இதெல்லாம் எனக்கு உள்கண்ணாடியில் தெரிந்தது. ரோஸ்லின் பின்ஜன்னல் திரையை முழுக்க விலக்கியிருந்தாள். ஓரமாகக் கட்டிலில் உட்கார்ந்திருந்தவள் எழுந்தாள், நகர்ந்தாள், ஜன்னலின் நடுவில், அவருக்கு நேரே வந்து உட்கார்ந்துகொண்டாள். தூத்துக்குடி வரும்வரை அந்த இடத்தைவிட்டு அவள் அசையவில்லை.